ஒரே டப்பாவில் கொட்டிய மருந்து

விடிந்ததும் தேவகி முதலில் பார்ப்பது தன் கைகளைத்தான். கண் விழித்ததும் சாமி படத்தைப் பார்த்ததெல்லாம் ஒரு காலம். இப்போது கை எந்த மனநிலையில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரியும். விரல்கள் வீங்கி, மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக் கிடக்கும். வெந்நீரில் கையை அமிழ்த்தி வைத்து, ஒவ்வொரு விரலாகக் கெஞ்சி மடக்கினால்தான் ஜாக்கெட் கொக்கியைப் போட முடியும். முடியாத நாளில் புருஷன் ராமமூர்த்தி போட்டுவிடுவான். நல்ல மனுஷன்தான். ஆனால் போட்டுவிட்ட பிறகு ஒரு பெருமூச்சு விடுவான் பாருங்கள், அதற்கு அவன் போடாமலே இருந்திருக்கலாம்.

முடக்குவாதம் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு தரம் மஞ்சள் மாத்திரை, நடுவில் வலிக்கு ஒரு மாத்திரை, வலி மாத்திரை வயிற்றைக் கிழிக்காமல் இருக்க இன்னொரு மாத்திரை. எல்லாவற்றையும் தவறாமல் விழுங்கினாள். கை மட்டும் மசியவில்லை. எனக்கு மட்டும் ஏன் என்று கேட்டு ஓய்ந்து, இப்போது யாருக்கெல்லாம் இல்லை என்று பார்த்து வயிறெரிகிற நிலைக்கு வந்திருந்தாள்.

குடியாத்தத்தை ஒட்டிய ஊர் அவளுக்கு. காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு, பேரணாம்பட்டில் இன்னும் ஒரு கூட்டத்தை அள்ளிக்கொண்டு, ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனியில் கொண்டுபோய் இறக்கும். தேவகி தையல் பிரிவில் இருந்தாள். ஷூவின் மேல்தோல் துண்டுகளை ஒன்றோடொன்று இணைக்கிற வேலை. தட்டையான மிஷினில் யாரும் தைத்துவிடலாம். வளைந்த இடத்தைத் தைக்க, தூண் மாதிரி உயர்ந்து நிற்கிற மிஷின் ஒன்று உண்டு. போஸ்ட் மிஷின் என்பார்கள். அதில் உட்கார விரலில் பழக்கம் வேண்டும், தோலைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த லைனில் இரண்டே போஸ்ட் மிஷின்கள். ஒன்றில் தேவகி, இன்னொன்றில் தூபா.

தூபா பேரணாம்பட்டுக்காரி, தேவகியைவிடச் சின்னவள். அவளுக்கும் அதே நோய்தான், ஆனால் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே லைனில் இரண்டு பேருக்கும் ஒரே நோய் வந்ததற்குக் கம்பெனிக் கழிவறைத் தண்ணீர் தொடங்கி கண்திருஷ்டி வரைக்கும் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இவர்கள் இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோய் இவர்களை அக்கா தங்கை ஆக்கிவிட்டது. காலையில் பஸ்ஸில் ஏறியதும் தூபா கேட்கிற முதல் கேள்வி, இன்னிக்கு கை எப்டிக்கா என்பதுதான்.

கை முடியாமல் போனவர்களைக் கம்பெனி உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாது. நூல் வெட்டுகிற டேபிளுக்கு அனுப்பும். தைத்து வந்த துண்டுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். மிஷினில் உட்கார விரல் மடங்காதவளைக் கூப்பிட்டுக் கத்தரிக்கோலைப் பிடிக்கச் சொல்வது எந்த மகராசனின் யோசனையோ தெரியவில்லை. அந்த டேபிளுக்குப் போனவர்கள் சம்பளம் குறைந்து, வலி கூடி, கொஞ்ச நாளில் தாங்களாகவே நின்றுவிடுவார்கள். கம்பெனி யாரையும் நிறுத்தியதாகக் கெட்ட பெயர் கிடையாது. சூப்பர்வைசர் கோதண்டராமன் தேவகியின் மிஷின் பக்கம் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் அவள் விரல்களைப் பார்த்துவிட்டுப் போகும்போதெல்லாம் அவளுக்கு அந்த டேபிள்தான் கண்முன் வந்து நிற்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆடி மாசம், வேலூரிலிருந்து ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கம்பெனிக்கு வந்தார்கள். டாக்டர் பூர்ணிமா என்று ஒரு அம்மா, கூட ஹேமந்த் என்று ஓர் இளைஞன். மூட்டு வீங்கிக் கஷ்டப்படுகிற பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். ஏதோ ஒரு செடியின் வேரிலிருந்து சாறு எடுத்து, காய்ச்சிப் பொடியாக்கி, கேப்ஸ்யூல்களில் அடைத்து, குப்பி குப்பியாகக் கொண்டுவந்திருந்தார்கள். எலிக்குக் கொடுத்துப் பார்த்து எலிக்கு வீக்கம் வடிந்துவிட்டதாம். இனி மனுஷனுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரைகளை நிறுத்தக் கூடாது, அதோடு இதையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும். என்ன செடி என்று எல்லோரும் கேட்டார்கள். பூர்ணிமா சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாவட்டத்தில் ஒரு வேர் மிஞ்சியிருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அதன் பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. பார்க்க இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற தனக்கும் தெரியாது என்றார். அப்போ யாருக்கு மேடம் தெரியும் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, கம்ப்யூட்டருக்கு என்றார். கூட்டம் சிரித்தது. தேவகி சிரிக்கவில்லை.

அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே புரிந்தது. மருந்து தின்றவளுக்குக் குணமாகி, மாவு தின்றவளுக்குக் குணமாகாமல் இருந்தால்தான் அது மருந்து என்று ஊர் ஒப்புக்கொள்ளும். அதாவது, ஒருத்தி நொண்டிக்கொண்டே இருந்தால்தான் இன்னொருத்தி எழுந்து நடந்ததற்கு மதிப்பு. நியாயம்தான். ஆனால் அந்த நொண்டுகிற ஒருத்தி நானாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வி பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு ஆளுக்கு ஒரு குப்பி கொடுத்திருந்தார்கள். மேலே பெயர் இல்லை, எண்தான் இருந்தது.

பூர்ணிமா சொல்லி அனுப்பியவை நிறைய. நாட்டு மருந்து சாப்பிடக் கூடாது, எண்ணெய் தேய்க்கக் கூடாது, ஒருவேளைகூட விடக் கூடாது, வீட்டில் யாருக்கும் இதைக் கொடுக்கவே கூடாது. மூட்டு வலி என்று மாமியார் கேட்பார், முதுகு வலி என்று புருஷன் கேட்பான், கொடுத்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்கள். வீட்டில் யாருக்கும் ஒருத்தியும் கொடுக்கவில்லை. கம்பெனிச் சாப்பாட்டுக்கூடத்தைப் பற்றி அந்த அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் தோன்றியிருக்கும்.

அந்தச் சாப்பாட்டுக்கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைத்ததல்ல. வட்டமாக உட்கார்ந்து எல்லா டப்பாவையும் நடுவில் திறந்து வைக்க வேண்டும். தேவகியின் களியும் கருவாட்டுக் குழம்பும் தூபாவின் தட்டுக்குப் போகும், தூபாவின் குஸ்காவும் கத்திரிக்காய்ப் பச்சடியும் தேவகியிடம் வரும். சவுரியம்மாள் கொண்டுவருகிற முட்டையை நான்காக நறுக்கி நான்கு பேர் தின்பார்கள். தன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தான் மட்டும் தின்கிறவளுக்கு அந்தக் கூடத்தில் மரியாதை கிடையாது. அப்படி ஒருத்தி தின்றாள் என்று அவளைப் பற்றி இரண்டு வருஷம் பேசினார்கள். அவள் வேலையை விட்டுப் போன பிறகும் பேசினார்கள்.

குப்பி கிடைத்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தேவகி தன் திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு வந்த டப்பா, அடியில் பெயர் வெட்டியிருக்கும். தன் குப்பியைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் அதில் கொட்டினாள். தூபாவைப் பார்த்து, உன்னதையும் கொட்டு என்றாள். இரண்டையும் கலந்து இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டால், யாருக்கு மாவு வந்திருந்தாலும் ஆளுக்குப் பாதி மருந்தாவது வயிற்றுக்குள் போகுமே என்றாள்.

தூபா தயங்கினாள். கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, அந்த அம்மா நம்பிக் கொடுத்தாரே என்றாள். சொன்ன வார்த்தை அவளுக்குப் பெரிய விஷயம்.

தேவகி சொன்னாள்: "என் கொழம்ப நீ தொட்டுக்கினு சாப்பிட்ற. உன் பச்சடிய நான் வழிச்சு தின்றேன். இதுல மட்டும் இன்னா, உன்னுது வேற என்னுது வேறயா?"

அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. தூபா குப்பியைக் கவிழ்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்து, தேவகிக்கு எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். பெரிய மனசும் இல்லை, சின்ன மனசும் இல்லை, அது வெறும் பயம். தன் குப்பியில் இருப்பது மாவுதான் என்று தேவகி அடிவயிற்றில் நிச்சயமாக நம்பினாள். இதுவரை எதில் அவளுக்கு நல்ல சீட்டு விழுந்திருக்கிறது? தூபாவின் மருந்தில் பாதியைத் தட்டிக்கொள்ளத்தான் அவள் பங்கு போட்டாள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், பெரிய மனசு என்று சொன்னபோது சும்மா இருக்கத்தான் செய்தாள்.

மாசம் ஒரு தரம் வேலூருக்குப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆராய்ச்சி நிலையமே வேன் அனுப்பியது. இவர்கள் கம்பெனியிலிருந்தும் அக்கம்பக்கத்து ஷூ, தோல் கம்பெனிகளிலிருந்தும் வேன் நிறையப் பெண்கள். முதல் தரம் போகும்போதே, யாருக்கு மாவோ என்று எல்லோரும் புலம்பிக்கொண்டு வந்தார்கள். தேவகிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தன் யோசனையைச் சொன்னாள். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் வேனில் ஜோடிகள் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த தரம் போனபோது சிலர் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். எல்லோரும் தேவகியைக் கைகூப்பாத குறையாகப் பார்த்தார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பூர்ணிமா ஒவ்வொரு மூட்டாக அழுத்தி, வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பார். ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்து அழுத்தச் சொல்வார். ரத்தம் எடுப்பார்கள். போகிற நாளில் டப்பாவில் மிஞ்சியதை அவரவர் குப்பியில் திரும்பப் போட்டு எடுத்துப்போவார்கள், ஹேமந்த் அதை எண்ணிப் பார்ப்பான். கணக்கு எப்போதும் சரியாக இருக்கும், ஏனென்றால் கலந்தார்களே தவிர ஒரு வேளையும் யாரும் விடவில்லை. எந்த ஊரிலும் இவ்வளவு ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களைப் பார்த்ததில்லை என்று பூர்ணிமா ஒரு நாள் மெச்சினார். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பரிசோதனை முடிந்து வேலூர் லாங் பஜாரில் இறங்கி, வளையலும் கருவாடும் வாங்கிக்கொண்டு, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க ஊர் வந்து சேர்ந்தார்கள்.

சிரிக்கக் காரணமும் இருந்தது. தீபாவளி கழிந்து ஒரு காலையில் தேவகி வெந்நீர் வைக்க மறந்துவிட்டாள். மறந்துவிட்டோம் என்பது ஜாக்கெட் கொக்கியைப் போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். ராமமூர்த்தி ஓடிவந்து, இன்னா ஆச்சு, கை வலிக்குதா என்றான். வலிக்கவில்லை என்பதுதான் விஷயம் என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. முழுக்கக் குணமாகிவிடவில்லை. வீக்கம் பாதி வடிந்திருந்தது, குளிரில் கொஞ்சம் விறைக்கும். ஆனாலும் மார்கழியில் வாசலில் கோலம் போட்டாள். தூபாவுக்கு அதைவிட நன்றாகவே இருந்தது. நோய் புதிது, அதனால் சீக்கிரம் இறங்குகிறது என்று பூர்ணிமா சொன்னாராம். ஈரத் துணியைத் தானே முறுக்கிப் பிழிகிறேன் என்று பஸ்ஸில் செய்து காட்டினாள்.

இந்த நேரம் பார்த்து அமெரிக்காவில் நம் ஷூவுக்கு வரியைக் கூட்டிவிட்டார்கள் என்று கம்பெனியில் பேச்சு வந்தது. ஆர்டர் கம்மியானது. பக்கத்து லைனை அப்படியே மூடினார்கள். கோதண்டராமன் கெட்டவரில்லை, மேலிருந்து சொன்னதைச் சொன்னார். லைனுக்கு இனி ஒரு போஸ்ட் மிஷின்தான். பொங்கல் கழிந்ததும் யாருக்கு என்று முடிவு செய்வார்கள்.

அந்த மாசத்துக் குப்பிகள் அப்போதுதான் வந்திருந்தன. மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் தேவகி தன் குப்பியைத் திறந்து டப்பாவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். கொட்டாமல் விட்டால் என்ன? என்னுடையதில் மருந்து இருந்தால், முழு மருந்தும் எனக்கு, மிஷினும் எனக்கு. ஆனால் என்னுடையது மாவாக இருந்தால்? பாதி மருந்தும் போய், மிஷினும் போய், நான் டேபிளில் உட்கார வேண்டும். முந்தின நாள் வீட்டில் தன்னுடையதில் ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்திருந்தாள். கசந்தது. ஆனால் மாவுக்கும் அதே கசப்பை ஏற்றித்தான் வைத்திருப்பார்கள் பாவிகள். துரோகம் செய்வதற்குக்கூட எந்தப் பக்கம் செய்வது என்று தெரிய வேண்டியிருக்கிறது. அது தெரியாததால் கொட்டினாள். தூபா ஏற்கெனவே தன்னுடையதைக் கொட்டிவிட்டு, அக்காவுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்தது. கோதண்டராமன் இரண்டு பேரையும் ஒரே மாதிரித் தோலைக் கொடுத்துத் தைக்கச் சொல்லிப் பார்த்தார். தூபாவின் கை வேகமாக வந்தது. தேவகியை நூல் வெட்டுகிற டேபிளுக்கு அனுப்பினார். கொஞ்ச நாளைக்குத்தான், ஆர்டர் வந்தால் திரும்பக் கூப்பிடுவேன் என்றார். அப்படிச் சொல்வது வழக்கம். தூபா கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். போனால் போகட்டும், உனக்குத்தானே கிடைத்தது என்று தேவகி அவளைத் தேற்றினாள். தேற்றும்போது தூபாவின் விரல்களைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

பங்குனியில் எல்லோரையும் வேலூருக்கு வரச் சொன்னார்கள். மருந்து கொடுத்து முடிந்து, கணக்கெல்லாம் பார்த்தாகிவிட்டதாம். கம்பெனியிலிருந்து வெல்ஃபேர் அதிகாரியும் கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பூர்ணிமா எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். அவர் முகத்தில் தூக்கம் இல்லாதது தெரிந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குறைந்திருக்கிறது, மாவு சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கிறது என்றார். அப்படியென்றால் குறைந்தது மருந்தால் இல்லை. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையால், மாசாமாசம் வந்து போனதால், கவனிப்பால். இந்தச் சாற்றுக்கு வேலை செய்கிற சக்தி இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பணம் போட்டவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். இதோடு முடிந்தது.

வேனில் வந்த அத்தனை பெண்களும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஹேமந்த் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, யாருக்கு எது என்று சொன்னான். தேவகியும் தூபாவும் சேர்ந்தே போனார்கள். தேவகிக்கு மருந்து. தூபாவுக்கு மாவு. பாருங்க, மாவு சாப்பிட்டே இவங்களுக்கு எவ்ளோ நல்லாயிருக்கு என்று அவன் தூபாவைக் காட்டிச் சிரித்தான்.

வாழ்நாளில் ஒரே ஒரு தரம் நல்ல சீட்டு அவளுக்கு விழுந்திருந்தது. அதைத்தான் டப்பாவில் கொட்டி, பாதியை அள்ளிக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த பாதி தூபாவின் விரலில் போய் உட்கார்ந்து, தேவகியின் மிஷினையும் பிடுங்கிக்கொண்டது. தன் மேலே வந்த ஆத்திரம் தன்னோடு நிற்காமல் தூபாவின் மேலும் பாய்ந்தது. இவள் என்ன செய்தாள், கொட்டு என்றது நான்தானே என்று மனசு ஒரு பக்கம் சொல்ல, கொட்டமாட்டேன் என்று அவள் பிடிவாதமாக நின்றிருக்கக் கூடாதா என்று இன்னொரு பக்கம் கேட்டது.

தூபா ஹேமந்திடம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தேவகி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கதவுக்கு வெளியே வெல்ஃபேர் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். கம்பெனி லீவு கொடுத்து அனுப்பிய வேலையில் திருட்டுத்தனம் செய்தோம் என்று தெரிந்தால், இருக்கிற டேபிளும் போய்விடும், தூபாவின் மிஷினும் போய்விடும். தூபா வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வேனில் தூபா மெல்ல, "உன்னோடத நான் தின்னுட்டேன்க்கா" என்றாள்.

"நானாத்தான கொட்டினேன்" என்றாள் தேவகி. சொன்னது உண்மைதான். ஆனால் தூபா இன்னும் நாலு தரம் அதையே சொல்லி அழ மாட்டாளா என்று இருந்தது அவளுக்கு.

மருந்து நின்றது. கத்திரி வெயில் முடிவதற்குள் விரல்கள் பழையபடி விறைத்தன. வெந்நீர் திரும்ப அடுப்பில் ஏறியது, ராமமூர்த்தியின் பெருமூச்சும் திரும்ப வந்தது. கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாத ஒரு நாளில், தேவகி அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாக வேலூருக்குப் பஸ் ஏறினாள். இனி மறைத்து என்ன கிடைக்கப் போகிறது, உண்மையைச் சொன்னால் மருந்தாவது திரும்ப வரும் என்ற கணக்கு. இதையும் அவள் நல்ல மனசால் செய்யவில்லை, கை வலித்ததால் செய்தாள்.

பூர்ணிமாவின் அறையில் அலமாரிகள் காலியாக இருந்தன. அட்டைப் பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். தேவகி நின்றபடியே சொல்லிவிட்டாள். இரண்டு குப்பியையும் ஒரே டப்பாவில் கொட்டியதை, பாதிப் பாதி தின்றதை.

"நீங்க ரெண்டு பேர் மட்டுமா?" என்று கேட்டார் பூர்ணிமா.

"வேன்ல வந்தவங்க முக்காவாசிப் பேரு, மேடம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பூர்ணிமா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன்மா இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒருத்தி தின்ன இன்னொருத்தி எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது என்று தேவகி சொன்னாள். அது பாதி உண்மை. மீதியைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"அப்போ அது வேலை செஞ்சிருக்கு" என்றார் பூர்ணிமா. தேவகியிடம் சொல்கிற மாதிரி இல்லை. "ரெண்டு பக்கமும் மருந்து போயிருக்கு. பாதி போட்டதுக்கே இவ்ளோ கொறைஞ்சிருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மிச்சம் இருந்த மருந்தை எரித்தாயிற்று, முடிவை எழுதி அனுப்பியாயிற்று, இப்போது போய் நான் இதைச் சொன்னால் தோற்றுப்போனதற்குச் சாக்குச் சொல்கிறேன் என்பார்கள் என்றார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, "நீங்க எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா? குடுத்தா நான் இன்னொரு தரம் போராடிப் பாக்கறேன். திரும்ப நடத்தச் சொல்லிக் கேக்கறேன்" என்றார்.

தேவகிக்கு வெல்ஃபேர் அதிகாரியின் முகம் ஞாபகம் வந்தது. எழுதிக் கொடுத்தால் அது கம்பெனிக்கும் போகும். தன்னுடைய டேபிள், வேனில் வந்த ஒவ்வொருத்தியின் மிஷின் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றாள்.

பூர்ணிமா திரும்ப அட்டைப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். வாசல் வரைக்கும் வந்த தேவகி, அது என்ன செடி என்றாவது சொல்லுங்கள் என்று கேட்டாள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலேயே கிடக்கும், ஆனால் பிடுங்கித் தின்றால் வயிற்றால்தான் போகும், சாறு எடுக்கிற விதம் வேறு என்று சொன்னாரே தவிரப் பெயரைச் சொல்லவில்லை.

தேவகி யாரையும் கேட்கவில்லை. தூபாவிடம் மட்டும் சொன்னாள். தூபா உடனே, நான் எழுதிக் கொடுக்கிறேன்க்கா, வேலை போனால் போகட்டும் என்றாள். அவசரப்படாதே என்று தேவகிதான் தடுத்தாள். மிஷினில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அப்படிச் சொல்வது சுலபம் என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல். இன்றைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று ஆடி வந்துவிட்டது. தூபாவின் விரல்களும் வீங்கத் தொடங்கின. தையல் கோணிற்று, டார்கெட் விழுந்தது. கோதண்டராமன் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுப் போனார். ஆவணி பிறந்ததும் போஸ்ட் மிஷினில் ஜாஸ்மின் என்று புதிதாக வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். தூபா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு டேபிளுக்கு, தேவகிக்கு எதிரே வந்தாள்.

அவள் வந்து உட்கார்ந்த அந்த நிமிஷம் தேவகிக்குச் சந்தோஷமாக இருந்தது. சுத்தமான, கலப்படமில்லாத சந்தோஷம். மருந்து வேலை செய்த அந்தத் தீபாவளிக் காலையில்கூட அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். அடுத்த நிமிஷமே, சீ, நான் எப்படிப்பட்டவள் ஆகிவிட்டேன் என்று அருவருத்துப்போனாள். தூபாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? நல்லவேளை அக்கா, உன் பக்கத்திலேயே போட்டார்கள் என்றாள் அவள். இனி எனக்குப் போக ஒன்றுமில்லை, எழுதிக் கொடுத்துவிடலாமா என்றும் கேட்டாள்.

"மேடம் இல்ல. வேற ஊருக்குப் போய்ட்டாங்க" என்றாள் தேவகி. போன மாசமே ஹேமந்துக்கு போன் பண்ணி அதைத் தெரிந்துகொண்டிருந்தாள். ஆனால் தூபாவிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

சாப்பாட்டு பெல் அடித்தது. டேபிள்காரர்கள் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் திரும்ப வேண்டும். பழைய வட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நேரம் ஒத்துவரவில்லை. இரண்டு பேரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள். தேவகி கூடையிலிருந்து அந்தத் திருகு மூடி டப்பாவை எடுத்தாள். இப்போது அதில் கருவாட்டுக் குழம்பு. காலையில் ராமமூர்த்தி இறுக்கி மூடிக் கொடுத்திருந்தான். மூடியைத் திருகினாள். விரல் மடங்காமல் உள்ளங்கை வழுக்கியது. தூபா வாங்கிக்கொண்டாள். முந்தானையைச் சுற்றித் திருகிப் பார்த்தாள், வலியில் முகத்தைச் சுளித்தாள், திரும்பக் கொடுத்தாள்.

தூரத்தில் ஜாஸ்மின் கை கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் ஒரு திருகில் திறந்துவிடுவாள். தூபா அவளைக் கூப்பிட வாயெடுக்க, வேண்டாம் என்று தேவகி தலையாட்டினாள். டப்பாவின் அடியைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டாள். தூபா தன் இரண்டு கையாலும் மூடியைக் கவ்விக்கொண்டாள். ஒருத்தி ஒரு பக்கமும் இன்னொருத்தி மறுபக்கமும் முறுக்கினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, திரும்பத் திரும்ப முறுக்கினார்கள். மூடி அசையவில்லை. இரண்டாவது பெல் அடிக்கும் வரைக்கும் முறுக்கிப் பார்த்துவிட்டு, டப்பாவை அப்படியே கூடையில் போட்டுக்கொண்டு டேபிளுக்கு எழுந்து போனார்கள்.